ஜானகி பாடியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா? ஜென்ஸி முதல் சாகுல் ஹமீது வரை

தேனிக்காற்று:

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. காலி கேசட்டும் பாட்டு எழுதிய தாளும் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட கேசட்டில் பன்னிரண்டு, பதிமூன்று பாட்டு பிடிக்கும். உள்ளே இருக்கும் அட்டையில் பாட்டு, படம், பாடியவர் மூன்றையும் கடைக்காரரே பச்சை மையில் எழுதிவிடுவார். 1988இல் நான் பதிந்த கேசட்டில் 'என் வானிலே ஒரே வெண்ணிலா'வுக்கு நேரே எஸ். ஜானகி என்று இருந்தது. 'அடிப் பெண்ணே', 'தெய்வீக ராகம்' இரண்டுக்கும் அப்படித்தான். பத்து வருடத்துக்கு மேல் அதை வேதவாக்காக நம்பினேன்.

ஆனால் ஒரு நெருடல் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. ஜானகி அம்மா ஒரு வரியைச் சும்மா விட மாட்டார். ஒரு சிரிப்பு, ஒரு குழைவு, சொல்லின் கடைசி எழுத்தில் ஒரு சின்னச் சுழிப்பு, ஏதாவது ஒன்று இருக்கும். இந்த மூன்று பாட்டிலும் அது எதுவும் இல்லை. குரல் ஸ்வரத்தில் போய் நிற்கிறது, அசையாமல் இருக்கிறது, அடுத்த ஸ்வரத்துக்குப் போகிறது. பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில் முன்வரிசையில் நின்று பாடும் பிள்ளையின் குரல் மாதிரி. ஏன் இவற்றில் மட்டும் இப்படி அடக்கிப் பாடியிருக்கிறார் என்று யோசித்திருக்கிறேன். ஒரு நாள் இரவு வானொலியில் 'என் வானிலே' முடிந்ததும் அறிவிப்பாளர் ஜென்ஸி என்றார். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஜென்ஸி கேரளத்துக்காரர். யேசுதாஸோடு மேடைகளில் பாடியவர். 1978ஐ ஒட்டித் தொடங்கி நாலைந்து வருடம்தான் தமிழில் பாடினார். பிறகு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலை கிடைத்து ஊரோடு தங்கிவிட்டார். அந்தக் கொஞ்ச காலத்துக்குள் 'மயிலே மயிலே', 'இரு பறவைகள்', 'கீதா சங்கீதா', 'காதல் ஓவியம்', 'பூ மலர்ந்திட' என்று எத்தனை!

இதையெல்லாம் எழுதக் காரணம், போன வாரம் ஒரு நண்பர் சொன்ன சொல். "ஜென்ஸி பாட்டெல்லாம் அருமைதான், ஆனால் ஜானகி பாடியிருந்தால் இன்னும் எங்கேயோ போயிருக்கும்" என்றார். எனக்கு அது மனசில் தைத்துவிட்டது. 'ஜானி' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980. ஸ்ரீதேவி அதில் மேடைப் பாடகியாகவே வருகிறார். ஒரே பாத்திரம், ஒரே நடிகை. பாடுபவரே ஒரு பாடகி என்பதால் ஒரே குரலை வைப்பதுதான் முறை. ஆனால் இளையராஜா மூன்று குரல் வைத்தார். 'காற்றில் எந்தன் கீதம்' ஜானகி. 'ஒரு இனிய மனது' சுஜாதா, அப்போது பதின்வயதுப் பெண். 'என் வானிலே' ஜென்ஸி. ஜானகி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே ஜென்ஸியைக் கூப்பிட்டிருக்கிறார் என்றால், அந்தப் பாட்டுக்கு வேண்டியது ஜென்ஸியிடம்தான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். மழைக்குள் நின்று கதறிக் கூப்பிட ஜானகி வேண்டும். தனக்குள் பேசிக்கொள்வதை யாரோ கேட்டுவிட்டது போல இருக்க ஜென்ஸி வேண்டும்.

பெரிய பாடகர்களைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. கொஞ்சமாகப் பாடியவர்களை 'ஜானகி கிடைக்காததால் வந்தவர்', 'எஸ்.பி.பி.க்குப் பதிலாக வந்தவர்' என்று பேசுவது மட்டும் சரியில்லை. உங்கள் மனசில் இருக்கும் குரல்களைச் சொல்லுங்கள்.

கீபோர்டு61:

தேனி தம்பி, இதை நான் மேடையிலிருந்து சொல்கிறேன். இருபத்தெட்டு வருடம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். கோயில் கொடைத் திருவிழா, பொங்கல், கல்யாணம் என்று மதுரைக்குத் தெற்கே போகாத ஊர் குறைவு.

ஜானகி அம்மா பாட்டுப் பாட எங்களுக்கு எப்போதும் பெண்கள் கிடைப்பார்கள். கஷ்டமான பாட்டுகள்தான், ஆனால் பிடித்துக்கொள்ளக் கொக்கிகள் உண்டு. இந்த இடத்தில் சிரிக்க வேண்டும், இந்த இடத்தில் மூச்சைத் தெரியவிட வேண்டும் என்று படித்து வைத்துக்கொள்ளலாம். முக்கால்வாசி வந்தாலே ஜனம் கைதட்டும்.

ஜென்ஸி பாட்டு அப்படி இல்லை. 'அடிப் பெண்ணே' பாடச் சொன்னால் நன்றாகச் சங்கீதம் படித்த பெண்தான் முதலில் கெடுப்பாள். கைப்பழக்கத்தில் ஸ்வரத்தை அசைத்து ஒரு கமகத்தைப் போட்டுவிடுவாள், வேகமாக ஒரு பிருகா உதிர்ப்பாள். போட்ட உடனே பாட்டு வயதாகிவிடும். சங்கீதமே படிக்காத பெண்ணிடம் கொடுத்தால் சுருதி நிற்காது. அந்த நீள ஸ்வரங்களில் மறைந்துகொள்ள இடமே இல்லை, ஒரு இழை இறங்கினாலும் கீபோர்டு காட்டிக் கொடுத்துவிடும். சுருதி சுத்தமாக வேண்டும், ஆனால் வித்தை தெரியக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்த ஆள் என் காலத்தில் இரண்டே பேரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் கல்யாணத்துக்குப் பிறகு மேடைக்கு வரவில்லை.

இதே கதைதான் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாட்டும். டி.எம்.எஸ். பாட்டுப் பாட எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார், தெருவில் நடந்து போகிறவரைக் கூப்பிட்டாலும் தொண்டையைத் திறந்து பாடிவிடுவார். 'காலங்களில் அவள் வசந்தம்' பாடச் சொல்லிப் பாருங்கள். சத்தமில்லாமல் பாட வேண்டும், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். மைக்கை நம்பிப் பாடுகிற வித்தை அது. எங்கள் குழுவில் டி.எம்.எஸ். பாடுகிறவருக்கு ஏழு பாட்டு ஒதுக்கினால் பி.பி.எஸ். பாட்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம். அதையும் இரவு பன்னிரண்டுக்கு மேல், கூட்டம் கொஞ்சம் அடங்கியபின்தான் எடுப்போம்.

கவிஞர் வாலி கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வாய்ப்பில்லாமல் சென்னையை விட்டே போய்விடலாம் என்று மூட்டை கட்டிய நேரத்தில் பி.பி.எஸ். அவரைப் பார்க்க வந்தார். சமீபத்தில் பாடிய பாட்டு என்று 'மயக்கமா கலக்கமா'வைப் பாடிக் காட்டினார். வாலி மூட்டையைப் பிரித்துவிட்டார். அந்த வரிகளை எழுதியவர் கண்ணதாசன், சந்தேகமில்லை. ஆனாலும் அதை ஓங்கிய குரலில் ஒருவர் பாடிக் காட்டியிருந்தால் அது புத்திமதியாகத்தான் காதில் விழுந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டுச் சொல்கிற மாதிரி பாட அவரால்தான் முடியும்.

பரமக்குடியான்:

எல்லாம் சரி அண்ணே, ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லாத ஒன்று உண்டு. மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜென்ஸி பாடியது மிகக் குறைவு. அதில் பெரும்பங்கு 1978க்கும் 82க்கும் நடுவே இளையராஜா போட்ட மெட்டுகள். அந்த நேரத்தில் அவர் கையில் எதைத் தொட்டாலும் பொன்தான். அப்படிப்பட்ட மெட்டுகளை யாரிடம் கொடுத்திருந்தாலும் நிலைத்திருக்கும். எஸ்.பி.பி. பாடியது ஆயிரக்கணக்கில். அதில் நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு, இசையமைப்பாளரே மறந்துபோனதும் உண்டு. ஒருவரின் முப்பது நல்ல பாட்டை இன்னொருவரின் ஆயிரக்கணக்கான பாட்டோடு எடை போடுவது எந்த ஊர் நியாயம்?

அதோடு, சுமாரான பாட்டையும் கேட்கும்படி ஆக்கியவர் அல்லவா பெரிய பாடகர்? எஸ்.பி.பி. முறையாகச் சங்கீதம் படித்தவர் இல்லை. அவரைக் கொண்டுவந்து 'சங்கராபரணம்' படத்தில் பாட வைத்தார் கே.வி. மகாதேவன், தேசிய விருது வந்தது. அதே மனிதர் கமலுக்கும் ரஜினிக்கும் பாடினார், சல்மான் கானுக்கும் பாடினார். 'அடிமைப்பெண்' படத்துக்கு 'ஆயிரம் நிலவே வா' பாட வேண்டிய நேரத்தில் அவருக்கு டைபாய்டு. எம்.ஜி.ஆர். இன்னொருவரை வைத்து முடிக்காமல், அந்தப் பையன் எழுந்து வரட்டும் என்று காத்திருந்தார். அப்போது எஸ்.பி.பி.க்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. ஒரு குரலில் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜானகி அம்மாவையும் சேர்த்துச் சொல்கிறேன். 'சிங்கார வேலனே தேவா'வில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்குச் சமமாக நின்றவர், 'செந்தூரப்பூவே'யில் பதினாறு வயதுப் பெண்ணாகவும், 'டாடி டாடி'யில் சின்னப் பிள்ளையாகவும் நிற்கிறார். மேடையில் பார்த்திருப்பீர்கள், கையில் கைக்குட்டையோடு ஒரு இடத்தில் ஆடாமல் நிற்பார், முகத்தில் ஒன்றும் தெரியாது, எல்லாம் குரலுக்குள்ளேயே நடக்கும். எனக்கு அந்த விரிவுதான் கலை. ஒரே ஒரு நிறத்தை அழகாகக் காட்டுவது அதற்கு அடுத்த படிதான்.

தேனிக்காற்று:

பரமக்குடித் தம்பி, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எண்ணிக்கையை வைத்து ஒப்பிட முடியாது. குறைவாகப் பாடியவருக்குச் சுமாரான பாட்டு குறைவாகத்தான் அமையும். ஜானகி, எஸ்.பி.பி. இருவரும் ஒவ்வொரு நாளும் போய் நின்று பாடினார்களே, அந்த உழைப்புக்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் 'யாரிடம் கொடுத்திருந்தாலும்' என்பதை மட்டும் விட மனசில்லை. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே மெட்டை வேறு வேறு குரல்கள் பாடிய இடங்களைக் கேட்க வேண்டும். 1994இல் 'கருத்தம்மா'வில் ரகுமான் 'போறாளே பொன்னுத்தாயி'யை இரண்டு விதமாகத் தந்தார். உன்னிமேனனும் சுஜாதாவும் பாடியது சந்தோஷமான பாட்டு. சுவர்ணலதா பாடியது சோகப் பாட்டு, தேசிய விருது வாங்கியது அதுதான். வேகமும் வாத்தியமும் மாறியிருக்கின்றன, உண்மை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சுவர்ணலதா முதல் சொல்லை விடும்போதே அந்தப் பெண் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டாள் என்று தெரிந்துவிடுகிறது. இன்னொருவரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க எனக்கு முடியவே இல்லை.

புதுக் குரல்களைக் கூப்பிட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. 'அலைகள் ஓய்வதில்லை'யில் கார்த்திக்கும் ராதாவும் அன்றுதான் திரைக்கு வருகிறார்கள். அந்த முகங்களுக்குப் பின்னால் நமக்கு நன்றாகப் பழகிய குரலை வைத்தால், முகம் புதுசு, குரல் பழசு என்று ஒட்டாமல் போகும். 'காதல் ஓவியம்' ராஜாவும் ஜென்ஸியும், 'விழியில் விழுந்து' ராஜாவும் சசிரேகாவும் என்று வந்தது அதனால் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

நிலாச்சோறு:

இந்த இழையை அலுவலகத்தில் இருந்தே படித்துவிட்டேன். சுவர்ணலதா பேரைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவரைக் கொஞ்சமாகப் பாடியவர் என்று சொல்ல முடியாது அண்ணா. பல மொழிகளில் நிறையப் பாடியிருக்கிறார். ஆனால் அவரைப் பற்றிய பேச்சுதான் கொஞ்சம். அவர் முகம் கூட நிறையப் பேருக்குத் தெரியாது. பேட்டிகள் அதிகம் கிடையாது. 2010 செப்டம்பரில் காலமானபோது அவருக்கு முப்பத்தேழு வயது. அன்று நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். தொலைக்காட்சியில் செய்தி ஓடியதும் பக்கத்து அறைப் பெண் "எந்தப் பாட்டுப் பாடினவங்க?" என்று கேட்டாள். 'மாலையில் யாரோ' என்றேன். 'போவோமா ஊர்கோலம்', 'ஆட்டமா தேரோட்டமா', 'ராக்கம்மா கையத் தட்டு', 'முக்காலா', 'அக்கடான்னு நாங்க', 'எவனோ ஒருவன்' என்று நான் சொல்லச் சொல்ல, "இதெல்லாம் ஒரே ஆளா?" என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பரமக்குடி அண்ணா விரிவுதான் கலை என்றார். அந்தக் கணக்கிலும் சுவர்ணலதா தேறுவார். 'ஆட்டமா தேரோட்டமா'வில் இருக்கும் எகத்தாளமும் 'எவனோ ஒருவன்' தனிமையும் ஒரே தொண்டையில் இருந்து வந்தவை. ஆனால் எனக்கு அவர் விரிவைவிட வேறொன்று முக்கியம். 'மாலையில் யாரோ' 1990இல் வந்த 'சத்ரியன்' படப் பாட்டு. அவருக்குப் பதினேழு வயதுதான் இருக்கும். சுத்த தன்யாசி ராகத்தில் அமைந்தது, மெட்டே மெல்ல ஊஞ்சலாடுகிற மாதிரி. அதில் அவர் சந்தோஷமாகத்தான் பாடுகிறார். இருந்தும் அடியில் ஒரு நீர்ப்பசை மாதிரி ஏதோ ஒன்று இருக்கிறது. அழுகை என்று அதைச் சொல்ல மாட்டேன். சந்தோஷம் வந்துவிட்டதே, இது நிற்குமா என்று நினைக்கிற ஒரு பெண்ணின் குரல். நான் எத்தனை நல்ல நாளில் கேட்டாலும் அந்த இடம் வரும்போது தொண்டை அடைக்கும்.

அப்புறம் உமா ரமணன். 2024 மே மாதம் முதல் தேதி போனார். 'பன்னீர் புஷ்பங்கள்' படத்தின் 'ஆனந்த ராகம் கேட்கும் காலம்' எங்கள் அம்மாவின் பாட்டு. சமையல்கட்டில் பாடுவார், பாதியில் சரணத்தின் ஓட்டத்தைப் பிடிக்க முடியாமல் நிறுத்திவிட்டு "இதை இந்தப் பொண்ணு எப்படித்தான் பாடுதோ" என்பார். சிம்மேந்திரமத்யம ராகத்தில் வயலின்கள் குதிரை மாதிரி ஓட, அதன் மேல் உமா ரமணன் ஒரு சொல்லும் சிதறாமல் போவார். அவசரம் வாத்தியத்தில்தான், அவர் குரலில் துளியும் கிடையாது. 'பூங்கதவே தாழ் திறவாய்'யில் தீபன் சக்கரவர்த்தியோடு பாடும்போதும் அதே நிதானம். 'நீ பாதி நான் பாதி'யில் யேசுதாஸ் பக்கத்தில் நிற்கிறார், அந்தக் குரலின் எடைக்கு முன்னால் யாரும் சுருங்கிப் போவார்கள். இவர் சுருங்கவும் இல்லை, போட்டி போடவும் இல்லை. தன் வீட்டு வாசலில் நின்று பேசுகிற மாதிரி பாடிவிட்டுப் போகிறார்.

கிள்ளான் வாசகன்:

வணக்கம். மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் குரல்களைப் பற்றிப் பேசும் இடத்தில் எங்கள் வாசுதேவன் அண்ணன் இல்லாமல் போனால் எப்படி?

இங்கே பிறந்து, நாடகங்களில் நடித்துவிட்டுச் சென்னைக்குப் போனவர். பேருக்கு முன்னால் நாட்டின் பேரையே சுமந்தார். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். வானொலியில் அறிவிப்பாளர் 'மலேசியா வாசுதேவன்' என்று சொல்லும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். பாட்டு அப்புறம்தான், முதலில் அந்தப் பேரைக் கேட்க வேண்டும் அவருக்கு.

'பதினாறு வயதினிலே'யில் எஸ்.பி.பி.க்குத் தொண்டை சரியில்லாததால் அவருக்கு வாய்ப்பு வந்தது என்று சொல்வார்கள். கதவு திறந்தது அப்படி என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு உள்ளே இருந்தது யாருடைய திறமை? 'கோவில்மணி ஓசைதனை', 'பொதுவாக என் மனசு தங்கம்', 'ஆசை நூறு வகை', 'அள்ளித் தந்த பூமி' நான்கையும் வரிசையாகக் கேளுங்கள். பயந்த கிராமத்துக் காதலன், மஞ்சுவிரட்டுக் கூட்டத்தின் நடுவே நிற்கிறவன், நகரத்துக் கொண்டாட்டம், ஊரைப் பிரிந்து திரும்பி வந்து பார்க்கிறவனின் மனசு. நான்கும் ஒருவரே.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே 'பூங்காற்று திரும்புமா'தான். 1985, 'முதல் மரியாதை'. சிவாஜிக்குப் பெரும்பாலும் டி.எம்.எஸ். குரல்தான் குரல். திரையில் சிவாஜி வாயைத் திறந்தால் நாம் அந்தக் குரலைத்தான் எதிர்பார்ப்போம், அவ்வளவு பழகியது. டி.எம்.எஸ். ஐயா பாடியிருந்தால் ஊர்ப் பெரியவர் கம்பீரமாக நின்றிருப்பார், சோகத்திலும் நிமிர்ந்து நின்றிருப்பார். வாசுதேவன் பாடும்போது அந்தப் பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பெருமையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். குரலில் ஒரு சொரசொரப்பு, வெயிலில் காய்ந்த மரப்பட்டை மாதிரி. கூட ஜானகி அம்மா எடுத்துக் கொடுக்க, இவர் பதில் சொல்லும் இடங்கள் பாட்டு மாதிரியே இல்லை, இரண்டு பேர் பேசிக்கொள்வது போலத்தான் இருக்கிறது. தேனி அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பாட்டை மெருகான குரலில் கேட்க எனக்கு விருப்பமில்லை.

2011 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்தபோது அப்பா ஒரு நாள் முழுக்க வானொலியைப் போடவில்லை.

பரமக்குடியான்:

'பூங்காற்று திரும்புமா' பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இப்போதுதான் கேட்டேன் நண்பரே. அந்தச் சொரசொரப்பு பற்றி நீங்கள் சொன்னது உண்மை. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் என் வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எஸ்.பி.பி. பாடியிருந்தால் அழகாக இருந்திருக்கும், ஆனால் வேறு மனிதராக இருந்திருப்பார்.

தலைப்பில் சாகுல் ஹமீது பேர் இருக்கிறது, யாரும் இன்னும் பேசவில்லையே? 1998இல் கார் விபத்தில் போனவர். 'உசிலம்பட்டி பெண்குட்டி', 'ஊர்வசி ஊர்வசி' எல்லாம் அவர் குரல் என்பது தெரியும். 2024இல் 'லால் சலாம்' படத்தில் 'திமிறி எழுடா' பாட்டுக்கு அவர் குரலையும் மறைந்த பாடகர் பம்பா பாக்கியா குரலையும் செயற்கை நுண்ணறிவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான், அதற்குரிய பணமும் கொடுத்துத்தான். கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் இரவு வரை மனசு சரியில்லை. நீங்கள் எல்லாரும் இதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?

கீபோர்டு61:

சம்மதம் கேட்டுப் பணம் கொடுத்தது மரியாதை. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பாடகர் என்பது குரலின் நிறம் மட்டும் இல்லையே தம்பி. அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஒருவர் பாடியதன் மேல் இன்னொருவர் குரலைப் போர்த்துபவை. எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லை முன்னால் தள்ளுவது, எதை லேசாக விடுவது என்று முடிவு செய்பவர் வேறு ஆள். குரல் மட்டும் சாகுல் ஹமீதுடையது.

'திருடா திருடா'வின் 'ராசாத்தி' கேளுங்கள். 1993. வாத்தியமே கிடையாது, பின்னால் கோரஸ் குரல்கள் மட்டும். ஒளிந்துகொள்ள ஒரு தபலா கூட இல்லாத பாட்டில் ஒரு மனிதர் நடுவில் நின்று பாடுகிறார். அதில் வரிகளின் கடைசியில் அவர் குரலை இழுத்து விடும் விதம் இருக்கிறதே, நாட்டுப்புறக்காரர் தெம்மாங்கு பாடும்போது காற்றில் விடுவது போல, அதைப் பாடிக் காட்ட முயன்று தோற்ற பாடகர்கள் எனக்குத் தெரியும். ஒரு முறை கொடையில் இதை வாத்தியம் வைத்து எடுத்தோம், பாடுகிறவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையைக் காட்டி "நிறுத்துங்கப்பா, சும்மா பாடச் சொல்லு" என்றார். நிறுத்திவிட்டோம். அந்தப் பையன் நடுங்கி நடுங்கித்தான் பாடினான். அன்றைக்கு ஒன்ஸ்மோர் வந்த ஒரே பாட்டு அதுதான்.

நிலாச்சோறு:

எனக்கு இதில் பயம் ஒன்றுதான் சார். நாளைக்கு யாராவது சுவர்ணலதா குரலைத் திரும்பக் கொண்டுவந்தால் நான் கேட்பேனா என்று தெரியவில்லை. கேட்டு அழுதுவிடுவேன் என்பதும் தெரியும். அந்த அழுகையை யாருக்குக் கொடுக்கிறேன் என்பதுதான் தெரியாது. இருக்கிற பாட்டுகளே எனக்குப் போதும் போலத் தோன்றுகிறது. 'வள்ளி' படத்தின் 'என்னுள்ளே என்னுள்ளே'யை இன்னும் முழுசாகக் கேட்டு முடித்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு இடம் வருகிறது.

தேனிக்காற்று:

நிலா சொன்னதற்குப் பிறகு எனக்கு எழுத ஒன்றும் இல்லை. பாடகி மின்மினி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1992இல் 'சின்னச் சின்ன ஆசை' வந்தபோது என் தங்கை ஆறாம் வகுப்பு. தெருவில் எல்லாப் பெண் பிள்ளைகளும் அந்தப் பாட்டைத் தங்களுடையது என்றே நினைத்தார்கள். அடுத்த வருடமே லண்டன் மேடை ஒன்றில் பாடிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் போய்விட்டது. பல வருடம் பேசவே சிரமப்பட்டதாக அவரே பேட்டியில் சொன்னார். அந்தப் பாட்டைக் கேட்கும்போது இப்போது அதுவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

கீபோர்டு சார், உங்களிடம் ஒரு கேள்வி. ஜென்ஸி பாட்டுப் பாட இரண்டே பேர் கிடைத்தார்கள் என்றீர்களே, மூன்றாவது ஆள் வரவே இல்லையா?

கீபோர்டு61:

நீங்கள் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு இந்த வருடம் பழைய ஆட்களெல்லாம் சேர்ந்து ஒரு நாள் மட்டும் வாசிக்கிறோம். எங்கள் தபலாக்காரரின் பேத்தி, ஒன்பதாவது படிக்கிறாள், போன ஞாயிறு ஒத்திகைக்குச் சும்மா தாத்தாவோடு வந்தாள். 'என் வானிலே' பாடு என்று சொன்னேன். பாடினாள். பல்லவி முடிந்ததும் நான் வாசிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை, ஸ்வரத்தில் போய் நின்றது, அவ்வளவுதான்.

அவள் பாட்டு டீச்சர் சரணத்தில் வரியை அலங்கரித்துப் பாட ஒரு சங்கதி சொல்லிக் கொடுத்திருக்கிறாராம், போடட்டுமா தாத்தா என்று கேட்டாள். வேண்டாம் கண்ணு, இப்படியே பாடு என்றேன். அரை ஸ்கேல் ஏற்றி வைத்திருக்கிறோம், அவள் குரலுக்கு அதுதான் சரியாக நிற்கிறது.

தேனிக்காற்று:

எந்த ஊர், எந்தத் தேதி சார்? தனிச் செய்தியில் அனுப்புங்கள். பஸ் பிடித்தாவது வந்துவிடுகிறேன்.

கீபோர்டு61:

அனுப்பிவிட்டேன். சீக்கிரம் வந்துவிடுங்கள் தம்பி, பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை. பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு முடிந்து மூன்றாவதாகவே அவளைப் பாட வைத்துவிடுகிறோம். எட்டரைக்குள் மேடைக்கு முன்னால் இருந்தால் கேட்டுவிடலாம்.